இரண்டு கம்பளியும் ஒரு துண்டும்

ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், அமெரிக்கப் பூர்வகுடிகளின் போர்களைப் பற்றி எங்கள் ஊரில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. கன்னிவாடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தப் போட்டிக்கு வேறு யாரும் வரவுமில்லை.

அறிவு வந்தது டிவியிலிருந்து. அரையாண்டு விடுமுறையில், வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து ஓட்டும் சேனல் ஒன்றில் அதைப் பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டு. காட்டையும் ஆற்றையும் பறிகொடுத்துக்கொண்டிருந்த பல இனத்து மக்கள் ஒன்று சேர்ந்து வெள்ளைக்காரர்களின் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். சில கோட்டைகள் மட்டும் விழவில்லை. அதில் ஒன்றை வளைத்து நின்றவர்கள், 'எங்கள் மண்ணைவிட்டுப் போய்விடுங்கள்' என்று சொல்ல ஆள் அனுப்புகிறார்கள். கோட்டைக்காரர்கள் முடியாது என்கிறார்கள். ஆனால் பேச வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. இரண்டு கம்பளியும் ஒரு கைக்குட்டையும் கொடுக்கிறார்கள். அவை பெரியம்மை கண்டவர்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தவை. அந்த இடத்தில் கரண்டு போய்விட்டது.

எங்களுக்கும் ஒரு போர் இருந்தது. பக்கத்து வீடு பெரியப்பா வீடு. நடுவில் ஒரு கம்பிவேலி. தாத்தா வெட்டிய கிணறு பாகப்பிரிவினையில் எங்கள் பங்கு நிலத்தில் விழுந்தது. தண்ணீரை முறை வைத்து இறைத்துக்கொள்வது என்று பேச்சு. முறையில் ஏதோ தகராறு வந்து, அப்பா மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டார். பெரியப்பா எங்கள் தண்ணீரைத் திருடப் பார்க்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்த வரலாறு. இரண்டு வருடமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. இதற்கிடையில் எனக்குத் தம்பி பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் வந்து பார்க்கவில்லை.

அந்த மார்கழியில் பெரியப்பா வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. பெரியப்பா மகன், என் அண்ணன் முறை, அவனுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலையை எடுத்து ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை.

"வாங்கக்கா" என்றாள் அம்மா.

"மூணு தண்ணி ஊத்தியாச்சு. இருந்தாலும் நான் உள்ள வரல. பிள்ளையவும் தூக்கல" என்று சொல்லிப் பெரியம்மா பையை வாசல்படியில் வைத்தார். "பனி இந்தக் கொட்டு கொட்டுதுல்ல. ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு உனக்கு."

தூரத்தில் நின்றே தொட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்ததைக் கட்டிலில் எடுத்து வைத்தாள். அரக்கு நிறத்தில் இரண்டு கம்பளி. கூடவே குழந்தைக்கு ஒரு சின்னத் துண்டு.

படத்தில் வந்ததேதான். எண்ணிக்கைகூட மாறவில்லை. அம்மை கண்ட வீடு. பகையாளி வீடு. குழந்தையைத் தொடக்கூட மாட்டேன் என்கிறார். அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அப்பா தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போயிருந்தார். தம்பியை என்னிடம் விட்டுவிட்டு அம்மா தக்காளிக் காட்டுக்குப் போனதும் வேலையில் இறங்கினேன். வெந்நீர் அண்டாவை அடுப்பில் ஏற்றி, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஒரு குச்சியால் கம்பளிகளைத் தூக்கி உள்ளே போட்டேன். துண்டையும் போட்டேன். மஞ்சள்தூள், வேப்பிலை, சோப்புத்தூள் என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் கொட்டி, ஒரு மணி நேரம் கிண்டினேன். அதற்குப் பிறகு கம்பளிகள் கால் துடைக்கும் மிதியடி அளவுக்குச் சுருங்கி, அட்டைபோல் விறைத்துவிட்டன. கிருமி செத்ததன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். கொடியில் இடமில்லாததால் கம்பிவேலியில் காயப் போட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வந்து பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா வந்து அண்டாவைக் கவிழ்த்தபோது அடியில் கடையின் பிளாஸ்டிக் விலைச்சீட்டு ஒட்டிக்கிடந்தது. கொடைக்கானலுக்குப் போன யாரிடமோ பெரியம்மா சொல்லி அனுப்பிப் புதிதாக வாங்கியவை. அம்மா அழுத அழுகையில் தம்பியும் சேர்ந்துகொண்டான். சாயங்காலம் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா."

"நீங்களும் வாங்கப்பா."

"நீ செஞ்ச வேலைக்கு நீ போ."

போனேன். பயமெல்லாம் இல்லை. என் பக்கம் காரணம் இருந்தது.

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "என்னத்தா, கம்பளிய அவிச்சுப்புட்டியாம்ல?"

நின்றபடியே முழுக் கதையையும் சொன்னேன். காடு, ஆறு, கோட்டை, பேச வந்தவர்கள், ஆஸ்பத்திரிக் கம்பளி. பெரியம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. என் வகுப்பில்கூட அப்படி ஒரு அமைதி எனக்குக் கிடைத்ததில்லை.

"பேச வந்தது யாரு? கோட்டைக்கு உள்ள இருந்தவனா, வெளிய நின்னவங்களா?" என்று கேட்டார் பெரியப்பா.

"வெளிய நின்னவங்க."

"இங்கன பேச வந்தது யாரு?"

"பெரியம்மா."

"கோட்டைன்னா பூட்டு இருக்கும்ல. இங்க பூட்டும் சாவியும் யாருகிட்ட இருக்கு?"

"அப்பாகிட்ட."

"அப்பக் கோட்டையில இருக்குறது யாருத்தா?"

பெரியப்பாவுக்குப் புவியியல் வராது என்று புரிந்துகொண்டேன். "கோட்டையெல்லாம் இங்க இல்ல பெரியப்பா. அது அமெரிக்கா" என்று பொறுமையாகத் திருத்தினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. "அந்தச் சனம் கடைசியில என்னாச்சு தாயி?" என்றார்.

"தெரியல பெரியம்மா. கரண்டு போயிருச்சு."

"தண்ணியும் காடும் போனா எங்க போயிப் பிழைச்சாகளோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், இரண்டு கொய்யாப்பழம் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதை மறைக்க, அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் அங்கே நடந்த பேச்சை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். சாவி யாரிடம் என்ற இடத்தில் அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. கோட்டையில் இருப்பது யார் என்ற இடத்தில் அம்மா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவி எழுந்து வெளியே போனார்.

மறுநாள் விடிந்தபோது வாய்க்காலில் தண்ணீர் எங்கள் தக்காளியைத் தாண்டிப் பெரியப்பா காட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. அதற்குப் பிறகும் முறைக்காகச் சண்டை போட்டார்கள். ஆனால் நேருக்கு நேர் பேசிப் போட்டார்கள்.

அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். நிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஆனாலும் அழிந்துவிடவில்லை, இன்றும் இருக்கிறார்கள், இன்றும் தங்கள் மண்ணைக் கேட்கிறார்கள். அதைப் படித்த அன்றுதான், பள்ளிக்கூடம் போகும் வழியில் இரண்டு வருடமாக நான் தினமும் பார்த்த பெரியப்பாவின் வெங்காயக் காடு நினைவுக்கு வந்தது. தாள் மஞ்சளாகி, நுனி கருகி நின்ற காடு. அப்போதெல்லாம் அவருக்கு விவசாயம் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

கம்பளியை அவித்த அன்று இரவு அப்பாவிடமிருந்து நிச்சயம் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. என் வரலாற்று அறிவைக் கேட்டு அப்பா அசந்துபோய்விட்டார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.