வேலூரிலிருந்து வந்தவாசிக்கு நேர் ரோடு

எங்கள் அப்பாவை ஆவடி குவார்ட்டர்ஸில் எம்டன் என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத் துணிச்சல்? முதுகுக்குப் பின்னால்தான். அப்பாவுக்கும் அது தெரியும், உள்ளுக்குள் பெருமைதான். பாகிஸ்தானோடு நடந்த அறுபத்தைந்து சண்டை முடிந்த சமயம் அது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை அம்மா இன்னும் முழுசாகச் சுரண்டி முடிக்கவில்லை. அதற்குள் அப்பாவுக்கு யுத்தப் பித்து பிடித்துவிட்டது. அரைப் பரீட்சை லீவில் மூன்று நாள், காரில், குடும்பத்தோடு, சண்டை நடந்த இடமாகப் பார்த்துச் சுற்றி வருவது என்று முடிவெடுத்தார். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பதினான்கு வயதில் நான். மற்ற வீட்டுப் பெண்கள் மகாபலிபுரம் போனார்கள். எனக்கு வாய்த்தது குண்டு விழுந்த சுவர்.

கார் எங்களுடையது இல்லை. பூந்தமல்லியில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் அப்பாவுக்குச் சிநேகிதர். அவருடைய கிழட்டு வண்டியின் இன்ஜினை ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் போட்டு மாட்டிக்கொடுப்பது அப்பாவின் பொழுதுபோக்கு. "மூணு நாளு இன்னா, ஒரு வாரம் வெச்சிக்கோ அண்ணாத்தே" என்று உடனே ஒத்துக்கொண்டார் மனிதர்.

அப்பா திட்டம் போட்ட அழகைச் சொல்லியாக வேண்டும். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் செய்யும் ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு அட்டை கூடவே போகுமாம். ரூட் கார்டு என்று பெயர். எந்த மெஷினுக்கு முதலில், எதற்கு அடுத்து, என்ன கருவி வேண்டும், எத்தனை நிமிஷம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதே மாதிரி எங்கள் லீவுக்கும் ஒரு ரூட் கார்டு போட்டார். முதல் கட்டம்: ஹைகோர்ட் சுவரில் ஜெர்மன் கப்பல் எம்டனின் குண்டு விழுந்த இடம், கருவி குடை, நேரம் பதினைந்து நிமிஷம். அடுத்தது நந்தம்பாக்கம் யுத்தக் கல்லறை. அப்புறம் ஆற்காடு, வேலூர்க் கோட்டை, அங்கிருந்து காஞ்சிபுரம் வழியாக, வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்ட வந்தவாசி. கடைசியில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், மற்ற உபாதைகளுக்கு ஐந்து! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் என்ன மனிதர்களா, நட்டு போல்ட்டா?

சேதி பரவியதும் காலனியே படையெடுத்து வந்தது. எதிர் வரிசை வேலூர்க்கார மாமி தன் தங்கைக்கு ஒரு ஜாடி ஊறுகாய் கொண்டுவந்தார். பின்வீட்டுக்காரர் ஆற்காட்டு மாமனாருக்குச் சேர்க்கச் சொல்லி ஒரு ஸ்டவ்வையே தூக்கிக்கொண்டு வந்தார். "சண்டைக்குப் போறவங்க வெறுங்கையோடவா போவீங்க?" என்று கிண்டல் வேறு. யாருக்கும் மாட்டேன் என்று சொல்லாத அம்மா எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினாள். ஆனால் தனக்கு எங்கே போகவேண்டும் என்று மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்திருந்தாள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே காலியானபோது, நிறைமாதமாக இருந்த அம்மாவை ரயிலேற்றி ஆரணிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, அம்மாவின் பெரியம்மா வீட்டுக்கு, அனுப்பினார் அப்பா. அவருக்கு அப்போது பெரம்பூரில் வேலை. பெண் பிறந்தது என்று கடிதம் போனது. அப்பா வரவில்லை. பதினோராம் நாள் குழந்தை போய்விட்டது. ஏரிக்கரையில் புதைத்தார்கள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெரியம்மாவும் காலமான பிறகு அந்த ஊருக்குப் போக எங்களுக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. ஒரு நாள் எனக்குத் தலை பின்னும்போது அம்மா இதையெல்லாம் சொன்னாள். "ஒரே ஒரு தடவை உங்க அப்பாவோட அந்தக் கரையில போய் நிக்கணும்டி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

அப்பாவின் அட்டையில் ஆரணி இல்லை.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, வண்டியைக் காட்டிவிட்டுப் போகப் பூந்தமல்லிக்காரர் வந்தார். அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, வேலூர்லேர்ந்து வந்தவாசிக்கு காஞ்சிபுரம் சுத்திகினு போறே? ஆரணி மேல போனா நேர் ரோடு கீதே!"

"அந்த ரோடு சரியில்ல" என்றார் அப்பா.

"யாரு சொன்னது? போன வாரம்தான் சவாரி போய்கினு வந்தேன். சோக்கா கீது ரோடு."

"அந்த ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு கல்லு இருக்கா, கட்டடம் இருக்கா?" அப்பாவின் குரல் உயர்ந்துவிட்டது. பாவம் அந்த மனிதர், எதை மிதித்தோம் என்று தெரியாமல் விழித்தார். அம்மா காலி டம்ளரைக்கூட எடுக்காமல் உள்ளே போனாள்.

அடுத்த நாள் அந்த அட்டையை என்னிடம் கொடுத்து அழகாகப் பிரதியெடுக்கச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார் அப்பா. என் கையெழுத்து மணிமணியாக இருக்கும். உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. கோபம் தலைக்கேறியது. என் கணக்கு நோட்டில் தப்பு இருந்தால் அப்பா என்ன செய்வார்? சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு "ரீவொர்க்", அதாவது திரும்பச் செய், என்று எழுதித் தூக்கி எறிவார். தொழிற்சாலையில் பரிசோதகர்கள் அப்படித்தான் செய்வார்களாம், யார் செய்த வேலையானாலும் சரி. அதே பென்சிலை எடுத்தேன். வேலூர், காஞ்சிபுரம் என்றிருந்த கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் கொட்டை எழுத்தில் "ரீவொர்க்" என்று எழுதி, அவர் சட்டை மாட்டும் ஆணியில் குத்தி வைத்தேன்.

எம்டனிடமே வாலாட்டியாகிவிட்டது. சாயங்காலம் அப்பா வந்தார், அட்டையை எடுத்தார், பார்த்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவரோ அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் அப்பா அப்பாவாகவே இல்லை. திருநின்றவூர்ச் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் சொத்தை என்றுகூட அப்பா சத்தம் போடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா ஒரு புது அட்டையை என் முன்னால் வைத்தார். எல்லாம் பழையபடிதான். காஞ்சிபுரத்தைக் காணோம். வேலூருக்கும் வந்தவாசிக்கும் நடுவில் ஆரணி ஏரிக்கரை என்று எழுதியிருந்தது. கருவி என்ற கட்டத்தில் பால், பூ. நேரம் என்ற கட்டம் காலி.

"தப்பு செஞ்சவன்தான் ரீவொர்க் பண்ணணும்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ பொறந்தப்போ சண்டைக் காலம். லீவு கேட்டா ஊரை விட்டு ஓடறான்னு நினைப்பாங்களோன்னு பயம். நான் கேக்கவே இல்லம்மா. கேட்டிருந்தா ஒருவேளை குடுத்திருப்பாங்க."

எம்டன் பயந்தார் என்பதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை, அதனால் பென்சிலைச் சீவினேன்.

"அப்பா, இங்க நேரம் போடலையே?"

"எனக்குத் தெரியல. உங்க அம்மாவைக் கேட்டுப் போடு."

அட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாமே அவள் காதில் விழுந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆரணியில எவ்வளவு நேரம்மா போடறது?"

அம்மா முடிச்சை இறுக்கினாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அவளைப் பதினோரு நாள் பாத்தேன்டி" என்றாள். "அவர்தான் பாக்கவே இல்ல. அவருக்கு எவ்வளவு வேணுமோ அவரையே போட்டுக்கச் சொல்லு."