செலின் இடப்பக்கம் விட்டுவைத்த இடம்

சோற்றுத் தட்டில்தான் முதலில் தெரிந்தது. என் மனைவி செலின் வலப்பாதிச் சோற்றை முடித்துவிட்டு, "அத்தான், இன்னைக்கு மீன் வைக்கலியா?" என்று கேட்டாள். பரிமாறியதே அவள்தான். பொரித்த சாளை இரண்டும் தட்டின் இடப்பக்கம் அப்படியே கிடந்தன.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எழுந்து போகும்போது அவளுடைய இடது தோள் கதவு நிலையில் இடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் இரணியலிலிருந்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம்.

எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் மூளையைப் படமெடுக்கும் சோதனை) பார்த்துவிட்டு மருத்துவர் அம்மா விளக்கினார். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. இடது கையில் பலம் குறைந்திருக்கிறது. அதோடு, இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் இடப்பக்கத்தை மூளை கணக்கில் எடுக்காத நிலை).

"காலையில வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

சோபாவின் வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள் என்றேன். ஆனால் அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள்.

அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. செலின் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் சம்மனசை, அதாவது காவல் தூதரை, பிறந்ததிலிருந்து கடவுள் துணைக்குக் கொடுத்திருக்கிறார் என்று புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பில் படித்தவள். இருதயம் இருக்கிற இடப்பக்கம்தான் அவர் இருப்பார் என்று அங்கே ஒரு கன்னியாஸ்திரீ சொல்லிக்கொடுத்தாராம். அன்றிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் இடப்பக்கம் ஓராள் இடம் விடுவாள்.

நான் புரோட்டஸ்டன்ட் குடும்பம். தேவதூதர்கள் உண்டு, ஆளுக்கொருவர் என்று எங்கே எழுதியிருக்கிறது என்பேன். சிறுபிள்ளைகளின் தூதர்களைப் பற்றி இயேசு பேசிய இடத்தை பைபிளில் விரித்துக் காட்டுவாள். "பஸ்ல அவருக்கும் டிக்கெட் எடுக்கணுமோ?" என்று கேட்டால், "ஒங்களுக்க பக்கத்துலயும் ஒராளு நிக்காரு. பாவம், ஒங்க பேச்சு முழுக்க அவருதான் கேக்கணும்" என்பாள்.

அடைப்பு காலையிலேயே தொடங்கியிருக்கலாம், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். மாத்திரைகளும் பயிற்சியும்தான் இனி. இந்த நோயுள்ளவரை வீட்டுக்குக் கூட்டிவருகிறவர்களுக்கு, எங்களுக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறேன்: இடப்பக்கமிருந்து பேசுங்கள். தண்ணீரை இடப்பக்கம் வையுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

அவளுடைய அக்கா மேரி வந்து கூட இருந்தாள். "ஏட்டி செலினே, இஞ்ச பாரு மக்கா, இந்தப் பக்கம் நிக்கது ஆருன்னு சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பல நாள் கழித்து ஒரு மத்தியானம் செலின் தலையைத் திருப்பி, "ஒனக்க சத்தம் குழித்துறை சந்தைக்கே கேக்கும். பின்ன ஆருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். மேரி அழுதுகொண்டே சிரித்தாள்.

தட்டின் மறுபாதியும் மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் கட்டிலில் மட்டும் வலது விளிம்போடு ஒட்டிப் படுத்தாள். இடப்பக்கம் பாதிக் கட்டில் காலி. அது அவள் விட்ட இடமா, அவளுக்கு இல்லாமல்போன இடமா?

"அங்க ஏன் காலியா கெடக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான்."

நிம்மதியாக இருந்தது. அதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் உடனே சந்தோஷப்படவில்லை. "தெரியாத இடத்தை ஒருத்தர் விட்டுக்கொடுக்க முடியாது, அது சரி. ஆனா இந்த நோயில கேட்ட கேள்விக்கு மனசு தானா ஒரு காரணம் உண்டாக்கிக்கும். பொய் இல்ல, அவங்க நம்பித்தான் சொல்வாங்க. கேட்காம கவனிங்க" என்றார்.

அதன்பின் சோபாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் இடம் விட்டால் நோயோ என்று பயம். விடாவிட்டால் அவளுடைய விசுவாசமும் மூளையோடு போயிற்றோ என்று பயம். அவளுடைய சம்மனசுக்காக நான் கவலைப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு சாயங்காலம் அவள் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தேன். மூச்சுவிடவும் யோசனையாக இருந்தது. மணிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. அவளுக்கு நான் இல்லை என்றுதான் முடிவு செய்தேன்.

பிறகு மணிகள் நின்றன. முதலில் தாடை, பிறகு கண், பிறகு முழு முகமும் என் பக்கம் வந்தது.

"கொஞ்சம் தள்ளி இரிங்க அத்தான். அவருக்க மடியிலயா இருக்கியது?"

நான் தள்ளி உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம். "போதுமா?" என்றேன். "ஒடுங்கி இருந்துக்குவாரு" என்று ஜெபத்தைத் தொடர்ந்தாள்.

முழுக் குணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. களைத்துப்போனால் இடப்பக்கம் மறுபடி மங்கும். இன்னொரு அடைப்புக்கும் வாய்ப்பு உண்டு. ஆளுக்கொரு தூதர் என்பதில் என் கருத்தும் மாறவில்லை. ஆனால் அவளோடு நடக்கையில் என் கால்கள் தாமாகவே அவளுடைய இடப்பக்கம் போய்விடுகின்றன. அங்கிருந்து கூப்பிடுகிறேன். கூப்பிட்டதற்கும் அவள் முகம் திரும்புவதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் ஆகிறது. முன்பு வருஷங்களைப் பற்றித் திட்டம் போட்டவன் நான். இப்போது அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள்தான் இருக்கிறேன். அவள் திரும்பியதும் அடுத்த மூச்சுக்குப் போகிறேன்.