கருப்பில் விரிசல் தெரியாது என்று சொன்னவன்

சைக்கிள் பழுது பார்க்கிற தொழிலில் கையில் ஒட்டுகிற கிரீஸைக் கழுவிவிடலாம், வாடிக்கையாளர் மனசில் ஒட்டிக்கொண்ட நிறத்தைக் கழுவ முடியாது. துணிக்கடையோ செருப்புக்கடையோ, கல்லாவுக்கு உள்பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

நானும் செந்தில்வேலும் சேர்ந்து பாளையங்கோட்டையில் கியர் சைக்கிள் கடை போட்டது கொரோனா அடங்கின சமயம். மலைப்பாதையில் ஓட்டுகிற, தடித்த டயர் வண்டிகள்தான் எங்கள் சரக்கு. விற்பது அவன், பாகங்களைப் பூட்டிப் பழுது பார்ப்பது நான். அதற்கு முன்னால் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் அலுமினியம் கடைந்தவன் நான். கடைந்து முடித்ததும் வருகிற அந்த வெள்ளி நிறம் கண்ணிலேயே தங்கிவிட்டது. ஹேண்டில்பார், பெடல் கிராங்க், சீட்டைத் தாங்கும் குழாய் எல்லாம் அந்த நிறத்தில் இருந்தால்தான் எனக்கு வண்டி வண்டியாகத் தெரியும். ஊரில் மற்ற எல்லாருக்கும் எல்லாமே கருப்பாக இருக்க வேண்டும்.

சீர்வரிசை

கடை திறந்த முதல் மாதம், கரும்பச்சை வண்டி ஒன்றில் அத்தனை பாகத்தையும் வெள்ளி நிறத்தில் மாட்டி வாசலில் நிறுத்தினேன். சாயங்கால வெயில் பட்டு அது மின்னிய மின்னலில் எனக்கே பெருமை தாங்கவில்லை. பேங்க் வேலையில் இருக்கிற ஒருவர் மனைவியோடு வந்து வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் விளக்க ஆரம்பித்தேன். கருப்பு உரிந்தால் சொறி பிடித்த மாதிரி இருக்கும், வெள்ளியில் கீறல் விழுந்தால் துணியால் தேய்த்தே சரிசெய்யலாம், விரிசல் விட்டாலும் பளிச்சென்று தெரியும் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த அம்மா கிராங்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, சைக்கிள் கேட்டா சீர்வரிசைப் பாத்திரத்தக் காட்டுதீயளே!"

ஸ்பிரே டப்பா

சுடலைமுத்து விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளி. ஷிப்டுக்குப் போய்வர ஒரு பழைய கியர் வண்டியை எங்களிடம் வாங்கினார். சக்கர வளையம் இரண்டும் வெள்ளி நிறம். பத்து நாள் கழித்து வண்டியை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். முழங்காலில் கட்டு. வண்டி முழுக்கக் கருப்பு. ஸ்பிரே டப்பா வாங்கி வீட்டு முற்றத்தில் வைத்து அடித்திருக்கிறார். பிரேக் கட்டை வந்து கவ்வுகிற இடத்தைக்கூட விடவில்லை. மில் வாசலில் பிரேக் பிடித்திருக்கிறார், வண்டி டீக்கடை பெஞ்சில் போய்த்தான் நின்றிருக்கிறது.

அந்தப் பெயின்டைச் சுரண்டி எடுக்க எனக்கு அரை நாள் ஆனது. அவர் எதிரே உட்கார்ந்து, நான் ஏதோ அவர் வீட்டுச் சுவரை இடிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் பிடிக்கிற இடத்தில் போய் யாராவது பெயின்ட் அடிப்பார்களா என்று கேட்டேன்.

"பிரேக்கு கெடக்கட்டும் வே. கருப்புல வண்டி எப்படி இருந்துச்சு, அதச் சொல்லும்."

சுவரில் தொங்கியவை

நான் ஆசைப்பட்டு வரவழைத்த வெள்ளிப் பாகங்கள் கடைச் சுவரில் தொங்கின. வந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கருப்பு கேட்டு வருகிற ஆளிடமும் நான் விடாமல் பேசினேன். மூன்று பேர் என் பேச்சுத் தாங்காமல் போயே போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் போன அன்று செந்தில்வேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றான். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம், அதிர்ந்து பேசமாட்டான்.

"ஏலே கணேசா, உனக்குப் பிடிச்சத உன் வண்டில மாட்டு. அவன் வண்டில அவனுக்குப் பிடிச்சத மாட்டு."

கிரீச்

அந்தோணி தூத்துக்குடிக்காரர். கடல் தொழில் பார்க்கிற குடும்பத்தில் அவர் மட்டும் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கிற வேலைக்குப் போனார். மனைவி ரோஸ்லினுக்குப் பாளையங்கோட்டையில் வேலை என்பதால் இங்கே குடியிருந்தார். வண்டி வாங்கும்போது அகலமான கருப்பு ஹேண்டில்பார்தான் வேண்டும் என்றார். நான் வெள்ளியைக் காட்டி வாதாடினேன். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் கிரீச்சென்று சத்தம் கேட்கிறது என்றார். அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கிற பிடியில் நாலு போல்ட் இருக்கும். நாலையும் அவிழ்த்து, பாரை வெளியே எடுத்து, துடைத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. அன்று கையில் இன்னும் மூன்று வண்டி இருந்தது. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். என் பேச்சைக் கேட்காமல் வாங்கின பார்தானே என்ற சின்ன முறுக்கும் மனசில் இருந்தது. நாலு போல்ட்டையும் இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். பெடலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. மறுநாள் நண்பர்களோடு மணிமுத்தாறு பக்கம் போவதாகச் சொல்லி, பயமில்லையே என்று கேட்டார். தாராளமாகப் போங்கள் என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி."

ஆஸ்பத்திரி பெஞ்ச்

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவருடைய நண்பர் போன் செய்தார். இறக்கத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது, ஹேண்டில்பார் அதைக் கவ்வுகிற பிடியை ஒட்டி முறிந்திருக்கிறது. அந்தோணி தலைக்குப்புற விழுந்துவிட்டார். வலது தோள்பட்டை நொறுங்கி, முன்பல் இரண்டு போயிருந்தது. முறிந்த துண்டை நண்பர் கையோடு கொண்டுவந்திருந்தார். முறிவைப் பார்த்தேன். பாதி புதிதாகப் பளபளத்தது. மீதி பாதி மங்கிக் கறுத்துக் கிடந்தது. விரிசல் விழுந்து பல நாள் ஆகியிருக்கிறது. முந்தின நாள் நான் அரைச் சுற்று இறுக்கியபோதும் அது உள்ளேதான் இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவர் மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் ரோஸ்லின். ரத்தம் தோய்ந்த அந்தோணியின் துணிகளை ஒரு பையில் கட்டி மடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. கருப்பில் விரிசல் கண்ணுக்குத் தெரியாதும்மா, நான் அப்பவே சில்வர் போடச் சொன்னேன் என்றேன். அவர் மடியிலிருந்த பையின் முடிச்சை இறுக்கினார். குரலை உயர்த்தவில்லை.

"கருப்போ வெள்ளையோ இருக்கட்டும். நேத்து நீங்க அவிழ்த்துப் பாத்தீயளாண்ணே? அத மட்டும் சொல்லுங்க."

செந்தில்வேல் போனது

அவிழ்க்கவில்லை என்று சொன்னேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் மாடியேறி அந்த வராந்தாவுக்குப் போகவில்லை.

அந்தோணி ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரமும் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, மருந்துக் கடைக்கு ஓடி, எல்லாம் பார்த்தவன் செந்தில்வேல். நான் கீழே நின்று எத்தனை மணிக்கு டாக்டர் வருவார் என்று அவனிடம் கேட்டுக்கொள்வேன். அந்தோணி வீடு திரும்பிய கொஞ்ச நாளில், வண்ணார்பேட்டையில் தனியாகக் கடை பார்த்திருப்பதாகச் சொன்னான். கருப்புப் பாகங்களைப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டான். சுவரில் தொங்கினவற்றைத் தொடவில்லை. ஒரு தப்புக்காகவா போகிறாய் என்று கேட்டேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"கை தப்பு பண்ணும்லே, எனக்கும் பண்ணும். அந்தப் பொம்பள முன்னால நின்னு நீ பெயின்ட்டு மேல பழியப் போட்ட பாரு, அதான் எனக்கு ஒத்துக்கல."

மூலையில் நின்ற வண்டி

அந்தோணியின் வண்டி ஏழு மாதம் ஹேண்டில்பார் இல்லாமல் கடை மூலையில் நின்றது. தூசி தட்டுவேன், வேறு எதுவும் செய்யக் கை வரவில்லை. ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கப்பல் பக்கம் போகிற வேலையிலிருந்து மாற்றி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்களாம். சொல்ல வேண்டியதை அன்றுதான் நேராகச் சொன்னேன். அவிழ்த்திருக்க வேண்டும், சோம்பல் பட்டேன், என் தப்புதான் என்றேன். அவர் வண்டிப் பக்கம் குனிந்தார். இடது கைக் கட்டைவிரலால் முன் டயரை அமுக்கிப் பார்த்தார், காற்று இல்லை. புது பார் போட்டுத் தயார் செய்கிறேன், பைய ஓட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"வேண்டாம், வித்துருங்க அண்ணாச்சி. யாரு வாங்குதாங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

சாத்தான்குளம் டீச்சர்

இப்போது பஞ்சருக்கு வந்த வண்டியாக இருந்தாலும் பாரை அவிழ்த்துப் பார்க்காமல் விடுவதில்லை. டார்ச், வெள்ளைத் துணி, பத்து நிமிஷம். பலருக்கு எரிச்சல். சிலர் இந்தப் பத்து நிமிஷத்துக்குப் பயந்தே வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் சாத்தான்குளத்திலிருந்து ஒரு விளையாட்டு டீச்சர் தம்பியின் லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் மனசோடு வெள்ளி நிறம் வாங்கின மூன்றே பேரில் அவர் ஒருவர். தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஓட்டியும் ஹேண்டில்பாரைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். கியர் மட்டும் சரிசெய்யச் சொன்னார். சத்தம் எதுவும் வரவில்லையாம். இதை அவிழ்க்கத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிஷம் நானே தயங்கினேன். பிறகு நாலு போல்ட்டையும் அவிழ்த்தேன். பிடி மூடியிருந்த இடத்தில், நகத்தின் நீளத்துக்கு ஒரு விரிசல் கோடு. வெளியே எத்தனை மின்னினாலும் அங்கே யார் கண்ணும் போகாது. டீச்சர் நகத்தால் தடவிப் பார்த்தார், நகம் கோட்டில் மாட்டியது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சில்வர்னா தானா தெரியும்னு நீங்க சொன்னீயளேன்னு, நான் ஒருநாள் கூட உத்துப் பாக்கலியே அண்ணாச்சி."

வெள்ளி நிறம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. நிறம் எதுவானாலும் ஸ்பேனரைப் பிடித்து நான்தான் அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள, எனக்கு இன்னொருவர் தோள்பட்டை தேவைப்பட்டிருக்கிறது.