ஒயின் கவுன்டரில் நின்ற நாட்கள்

வேண்டாம் என்று தலையாட்டியபடியே வருகிறவர்களிடம் ‘ஒரு வாய் ருசி பாருங்கள்’ என்று கெஞ்சுவதுதான் ஒயின் கவுன்டர் வேலை. எதையாவது நீட்டிக்கொண்டு நின்று பழகியவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு சின்னத் திராட்சை ஒயின் தொழிற்சாலை. சுற்றுலா வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டி, ருசி பார்க்கக் கொடுத்து, பாட்டிலை அவர்கள் தலையில் கட்ட வேண்டும். கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, மெல்ல உறிஞ்சிக் காட்ட எனக்குப் பயிற்சியெல்லாம் கொடுத்திருந்தார்கள். பொங்கலுக்குள் விற்பனை தேறாவிட்டால் பாட்டில் கழுவப் போக வேண்டியதுதான் என்றும் முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போகும்போதும் வரும்போதும்

காஞ்சிபுரம் போகும் சுற்றுலா பஸ் ஒன்று காலையில் நின்றது. கோயிலுக்குப் போகிறோம், இதையெல்லாம் தொடக்கூடாது என்றார்கள். சரி, திரும்பும்போது வாருங்கள் என்று கும்பிட்டு அனுப்பினேன். சொன்னபடியே சாயங்காலம் வந்தார்கள், நெற்றி நிறைய விபூதியோடு. ஆசையாகக் கோப்பையை நீட்டினேன். ஒரு பெரியவர் சொன்னார்:

“இப்பத்தானேப்பா சாமி பாத்துட்டு வரோம். குடிக்கத் தண்ணி இருந்தா குடு.”

எச்சில்

பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய படப்பைக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். சுழற்றினேன், முகர்ந்தேன், உறிஞ்சிக் காட்டினேன். மாப்பிள்ளையின் மாமா கோப்பையை வாங்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். நாக்குக்குத் தெரியாமல் அது நேரே தொண்டைக்குப் போனது. மற்றவர்களும் அதே கோப்பையில் அப்படியே. வாய் வைத்து உறிஞ்சினால்தானே ருசி தெரியும் என்று அழாத குறையாகச் சொன்னேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாபா நீ, நாலு பேர் குடிக்கிற கிளாஸ எச்ச பண்ணச் சொல்றியே?”

கிராம்பு

கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் மணிமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்தது. அன்று முதலாளியும் பக்கத்தில் நின்றார். அதில் வந்த ஸ்டெல்லா அக்கா கோப்பையைச் சுழற்றினார், முகர்ந்தார், உறிஞ்சினார். பிழைத்தேன் என்று நினைத்தேன். அக்கா கோப்பையை வைத்துவிட்டு, “கிராம்பு போடலியா தம்பி?” என்றார். கிறிஸ்துமஸுக்கென்று தானே வீட்டில் கிராம்பு போட்டுச் செய்து, சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போகிற ஒயினை வேனிலிருந்து கொண்டுவந்து ஊற்றினார். முதலாளி குடித்தார். இன்னொரு தடவை வாங்கிக் குடித்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்:

“அக்கா, உங்க ஒயினயே இங்க வெச்சு நீங்களே நின்னு வித்துடுங்க. தம்பி பாட்டில் கழுவிக்கினு இருக்கட்டும்.”

கோப்பையைச் சுழற்றப் பழகிய என் கை, அதற்கப்புறம் பாட்டிலுக்குள் பிரஷ்ஷைச் சுழற்றியது.