மரியதாஸ் அண்ணையின் மூன்று தளர்ந்த கம்பிகள்

மரியதாஸ் அண்ணை இறந்த செய்தி வந்தபோது, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் பாரவண்டியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டு மிச்சப் பெட்டிகளையும் இறக்கினேன். நின்று அழ அங்கே நேரம் தருவதில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த இடக்கையைத் தெரியும். தொழிற்சாலையில் பொதி கட்டும் இயந்திரம் அந்தக் கையின் நடு விரல்கள் இரண்டை நசுக்கியது. பிறகு அவை மடங்கவேயில்லை. முதலாளி ஒரு கேக் அனுப்பினார். அண்ணை தன் கிற்றாரின் மூன்று கம்பிகளைத் தளர்த்தினார். விரல் வைக்காமல் மீட்டினாலே ஆறு கம்பிகளும் இசைந்து ஒலித்தன. நட்டுக் கழற்றும் இரும்புக் குழலைச் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பிகளின்மேல் இழுத்தார். அமெரிக்கப் பருத்திக் காடுகளில் கறுப்பின மக்கள் பெற்றெடுத்த புளூஸ் இசை, இந்த மன்னார்க்காரரிடம் இரவலாக ஒலித்ததில்லை.

எட்டு வருடம் பக்கத்தில் நின்று பேஸ் கிற்றார் வாசித்தும் அந்தக் கை செய்வதை நம்ப முடிந்ததில்லை. ஒருநாள் ஜான்-டலோன் சந்தை வாசலில் வாசித்தார். தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தவர் தட்டை அப்படியே பிடித்தபடி நின்றார். கேட்டுக்கொண்டிருந்த நம்மவர் ஒருவர், இதை எங்கே படித்தீர்கள் என்றார்.

"மெசினிட்டை," என்றார் அண்ணை.

எங்கள் மாதா கோவிலில் மட்டும் அவருக்கு இடமில்லை. சாராயக்கடைப் பாட்டு என்றார்கள். செத்த பிறகு அதே ஆட்கள் கிற்றாரைச் சவப்பெட்டியருகே பூவோடு வைத்தார்கள். கடைசியாக ஒருமுறை அவருடைய சுருதியை அவருக்குக் கேட்கவைக்க எடுத்தேன். கம்பிகள் இறுகியிருந்தன.

பாடகர் குழுத் தலைவர் அன்போடு சொன்னார்: "சுருதி இறங்கிக் கிடந்தது தம்பி. நான் வடிவாக் கூட்டி வைச்சிருக்கிறன்."

மரியாதை செய்ததாகவே நினைத்தார். அண்ணை அந்தச் சுருதியை எங்கும் எழுதி வைத்ததில்லை. பெட்டியை மூடச் சில நிமிடங்களே இருந்தன. இரண்டு கம்பிகளைக் காதால் பிடித்துவிட்டேன். அடிக்கம்பி மட்டும் வழிக்கு வரவில்லை.

தகப்பனுக்கு எப்போதும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லிவந்த மகள் நத்தலி எழுந்து வந்தாள்.

"இன்னும் இறக்குங்கோ," என்றாள். பிறகு, "காணும், நிப்பாட்டுங்கோ."

வெறுங்கையால் ஒருமுறை மீட்டினாள். மூடியைத் தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள்.

"ஓம். இதுதான் அப்பா."

கிற்றார் அவளிடம் இருக்கிறது. இரும்புக் குழலை எனக்குத் தந்தாள். வேலையில் இயந்திரம் ஓடத் தொடங்கும்போது சட்டைப்பைக்குள் அதை ஒருமுறை தொட்டுப்பார்க்கிறேன்.