மார்ட்டினுக்குக் குளிர்ந்தது

போன வாரம் மார்ட்டின் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். லண்டனில் என் மகளுக்கு மேலதிகாரி. ஐம்பத்தைந்து வயது. சித்திரையில் கன்னியாகுமரியைப் பார் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

உங்களுக்குத்தான் தெரியுமே... புது இங்கிலீஷ் வார்த்தை கிடைத்தால் நான் விடமாட்டேன். எங்கள் ஊர் கொட்டாரத்தில் காரில் ஏறும்போதே, "இட்ஸ் அ ஸ்கார்ச்சர்!" என்றார். சுட்டெரிக்கும் நாளாம். உடனே நோட்டை எடுத்தேன். கன்னியாகுமரியில் இறங்கியதும் 'பாய்லிங்'. கடற்கரையில் காற்றே இல்லை. 'மக்கி' என்றார் — புழுக்கம். கூடவே 'க்ளோஸ்' என்றார். கதவைச் சாத்துவதற்கு எழுதும் அதே எழுத்துகள்தான். காற்று அசையாமல் மூச்சு முட்டினாலும் அந்த வார்த்தைதானாம். என்ன அழகு! நடைபாதையில் முட்டை பொரிக்கலாம் என்றுகூட அவர்கள் ஊரில் சொல்வார்களாம்.

நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். உச்சி வெயிலில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். ஒரு மணி நேரம்!

பிறகு, "கோல்ட்... ஐ ஆம் கோல்ட்" என்றார்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அதையும் எழுதிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், மார்ட்டின் கடலைப் பார்த்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அப்படியே கால் மடங்கிச் சரிந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைத்தேன்.

"சாரே, வாயில வெள்ளம் ஊத்தாதீங்க! புத்தி தெளியாத ஆளுக்குப் பொரையேறிரும்."

பக்கத்தில் தொப்பி விற்கிற பெண்மணி. ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்தது. பாட்டிலைப் பிடுங்கிவிட்டு மார்ட்டினின் கழுத்தைத் தொட்டார். "தீயா கொதிக்கு. வேர்வையே காணலியே..." குனிந்து, "வாட் டே டுடே, சார்?" என்று கேட்டார். மார்ட்டின் ஏதோ உளறினார்.

"ஹீட் ஸ்ட்ரோக்" என்றார் ஸ்டெல்லா. "நீங்க நூத்தியெட்டுக்கு அடிங்க." கூல்டிரிங்ஸ் கடைக்காரருக்கு ஒரு சத்தம்: "மக்கா, ஐஸ் பெட்டியோட வா!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நிழலுக்கு இழுத்தார்கள். சட்டை கழன்றது. தலை முதல் கால் வரை தண்ணீர். கழுத்திலும் அக்குளிலும் துணியில் சுற்றிய ஐஸ். வேடிக்கை பார்த்த யாத்ரீகர்கள் கையில் தொப்பியைக் கொடுத்து, "வீசுங்க, நிறுத்தாதீங்க" என்றார். மொழி தெரியாதவர்களும் வீசினார்கள். அந்தக் குரலுக்கு யார்தான் மறுப்பார்கள்?

ஆம்புலன்ஸ் வரும்போது மார்ட்டின் என் பெயரைச் சரியாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அங்கேயே குளிரவைத்தது யார்? அவர்தான் இவரைக் காப்பாற்றியிருக்கிறார்" என்றார் டாக்டர். உடம்பு கொதிக்கும்போதே குளிர்வதுபோலத் தோன்றுவதும் அதன் அறிகுறிதானாம்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலமாக, மார்ட்டினும் நானும் ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனோம். மார்ட்டின் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் நோட்டு நிறைய வார்த்தை சொன்னவரிடமிருந்து ஒரு 'தேங்க் யூ'கூட முழுதாக வரவில்லை.

"இதெல்லாம் எங்கே படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"படிச்சதா? குவைத்துல, கட்டட வேலைக்காரங்க கேம்ப் கிளினிக்குல எட்டு வருசம் துப்புரவு வேல பாத்தேன் சாரே. வெயில் காலத்துல ஆளுகளத் தூக்கிட்டு வருவாவ. ஐஸ் சுமந்தது நாந்தான். டாக்டர் அவுங்ககிட்ட என்ன கேக்காருன்னு காதுல விழும்லா..."

"எல்லாரும் பிழைச்சாங்களா?"

ஸ்டெல்லா கடலைப் பார்த்தார். "சீக்கிரம் வந்தவன் பொழச்சான்."

வெயில் என்ற ஒன்றை எத்தனை பேர் எத்தனை இடத்தில் நின்று படித்திருக்கிறார்கள்! தரையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் உயிர் காக்கக் கற்றிருக்கிறார். என்னிடம் கேட்டால், அதற்குப் பெயர்தான் படிப்பு.

மார்ட்டின் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். புதுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

'ஸ்டெல்லா' என்று இருந்தது.