சம்பந்தி வீட்டார் பார்த்த தண்ணீர்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே முருகேஸ்வரியின் தோட்டத்தில் இருப்பது சாதாரணக் கிணறு அல்ல. நாட்டின் நிலத்தடி நீர் நிலவரத்தைச் சொல்லும் அறிக்கைக்காக அரசு அளந்து பார்க்கும் கிணறுகளில் அதுவும் ஒன்று. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அவள் கிணறுதான் கணக்கு. அவ்வப்போது பாலக்காட்டிலிருந்து அளவு நாடாவோடு நிலத்தடி நீர்த் துறை ஊழியன் பிரதீப் வருவான். கணவனை இழந்து, மகன் சதீஷை ஒற்றை ஆளாக வளர்த்தவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை. "நம்ம கெணத்துக் கதையை டெல்லியில படிக்கறாங்களாமா!" என்று பால் சொசைட்டியில் சொல்லிச் சிரிப்பாள்.

சதீஷுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பெண் அமைந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். வறண்ட தோட்டத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அந்தக் கோடையில் கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. அவர்கள் வருவதற்கு முதல் நாளே டேங்கர் லாரிகளை வரவழைத்துத் தண்ணீரைக் கிணற்றுக்குள் கொட்டச் செய்தாள் முருகேஸ்வரி.

பெண் வீட்டார் பந்தியில் இருந்து எழுந்த நேரத்தில், விதி பிரதீப்பின் உருவில் வந்து சேர்ந்தது.

கிணற்றுக்குள் பார்த்தவன் திகைத்தான். "சேச்சி, போன தடவைய விட ரொம்பக் கூடுதலாணல்லோ! வெளித்தண்ணி ஏதாச்சும் விட்டீங்களா?"

அவன் பின்னாலேயே பெண்ணின் மாமன் நின்றிருந்தார். "ஏனுங்க தம்பி, தண்ணி இருக்கறதும் தப்புங்களா? இல்லாத ஊட்டுக்கு நாங்க பொண்ணு குடுக்க மாட்டமுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். முருகேஸ்வரியும் கூடச் சிரித்தாள். "ஊத்துத் தண்ணிதான் சாமி" என்றாள்.

பிரதீப் நம்பினான். அளந்து குறித்துக்கொண்டு போனான்.

செல்வப்பிரியா மருமகளாக வந்தாள். அடுத்து வந்த அறிக்கை, அந்த வட்டாரத்தில் நீர் போதுமான அளவில் இருப்பதாகச் சொன்னது. அதை நம்பி, புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு விதித்த இடங்களில் அந்த ஊரை அரசு சேர்க்காமல் விட்டது. சுற்றிலும் போர்வெல் துளைக்கும் வண்டிகள் இரைந்தன. ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. அடுத்த தோட்டத்துப் பெரியமுத்துவின் தென்னைகள் தலை சாய்ந்தன. நிறைமாத வயிற்றோடு செல்வப்பிரியா தண்ணீர் லாரிக்குக் குடம் சுமந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் முருகேஸ்வரியின் உயிர் துடித்தது.

இந்தக் கோடையில் பிரதீப் வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன் சாமி. அது லாரித் தண்ணி. டெல்லியில சொல்லி மாத்த முடியுமா?"

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு பிரதீப் நாடாவைப் பிரித்தான். "பழைய அளவைத் திருத்தச் சொல்லி எழுதலாம் சேச்சி. ஆனா, போட்ட போரையெல்லாம் இனி ஆரு மூடறது?"

அவன் இறக்கிய நாடா அடிவரை போய், ஈரமே இல்லாமல் திரும்பி வந்தது.

பின்னால் குடத்தைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது. செல்வப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். முருகேஸ்வரியால் தலை நிமிர முடியவில்லை.

"கெணறு வறண்டிருந்தா உன்னைக் குடுத்திருக்க மாட்டாங்க கண்ணு. அதனாலதான்..."

"மாமன்தானுங்க அத்தை கெணத்தைப் பார்த்தாரு" என்றாள் செல்வப்பிரியா. "நான் எங்கீங்க பார்த்தேன்? நான் உங்க பையனை மட்டுந்தானுங்க பார்த்தேன்."

ரோட்டில் தண்ணீர் லாரியின் ஹாரன் ஒலித்தது. கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், மருமகளின் குடத்தை எடுத்துக்கொண்டு முருகேஸ்வரி ஓடினாள்.